பழைய டயரில் கீரை வளர்க்கலாமா?

மதுரை வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

"இரண்டு வருடமாக மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். எங்கள் காரிலிருந்து கழற்றியது, பஞ்சர் கடையில் கேட்டு வாங்கியது என்று ஆறு கார் டயர், ஒரு லாரி டயர் சேர்ந்தன. அவற்றில் மண் நிரப்பி அரைக்கீரை, புதினா, முள்ளங்கி, தக்காளி போட்டிருக்கிறேன். செடிக்கு நல்லது என்று வாராவாரம் புளித்த மோர் கரைத்து ஊற்றுகிறேன். இப்போது தக்காளியின் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கின்றன. போன மாதம் கொசு ஒழிப்புக்கு வந்த பெண், மூலையில் காலியாகக் கிடந்த இரண்டு டயரில் புழு நெளிவதைக் காட்டிவிட்டுப் போனார். டயரில் விஷம் இருக்கிறது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள், ஒன்றும் ஆகாது என்று சிலர் சொல்கிறார்கள். எதை நம்புவது? பேரப்பிள்ளைகளுக்கு இதுவரை கொடுத்த கீரையை நினைத்தால் பயமாக இருக்கிறது."

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

கீரை, புதினா, முள்ளங்கி மூன்றையும் டயரிலிருந்து வெளியே கொண்டுவந்துவிடுங்கள். தக்காளிக்கு இந்தக் காய்ப்பு முடியட்டும், அடுத்த நாற்றைப் பையில் வையுங்கள். கார் டயர்களைத் தூக்கி எறிய வேண்டாம், பூச்செடிக்கு வைத்துக்கொள்ளலாம். லாரி டயர் மட்டும் மாடியை விட்டு இறங்க வேண்டும். இனி காரணங்களைச் சொல்கிறேன். கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன காலி டயரிலிருந்தே தொடங்குகிறேன், இன்றைக்கே கவனிக்க வேண்டியது அதுதான்.

டயரை எப்படிக் கிடத்தினாலும் அதன் உட்குழிவில் தண்ணீர் தங்கும். அங்கே வெயில் விழாது, காற்றும் சரியாகப் புகாது. அதனால் ஒரு டம்ளர் மழைத்தண்ணீர் நாள்கணக்கில் காயாமல் கிடக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். கறுப்பு ரப்பரில் கடுகைவிடச் சிறிய கறுப்பு முட்டை இருந்தால் கண்ணுக்கே தெரியாது. தண்ணீரைக் கவிழ்த்துவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருப்போம். புழு செத்துவிடும், சுவரில் ஒட்டிய முட்டை சாகாது. காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் நனைந்ததும் பொரிக்கும். பொரித்தபின் ஒரு வாரம் பத்து நாளில் கொசு பறக்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஏடிஸ் அல்போபிக்டஸ் ஆசியாவிலிருந்து கப்பலேறிய பழைய டயர்களோடு கடல் கடந்து போய், 1985-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கூட்டமாகக் குடியேறியிருப்பதைக் கண்டார்கள். காய்ந்த முட்டை அவ்வளவு தாக்குப்பிடிக்கும்.

ஆகவே அந்த இரண்டு டயரையும் கவிழ்த்தால் மட்டும் போதாது. சோப்புத் தூள் போட்டு, கெட்டியான பிரஷ் கொண்டு உட்குழிவு முழுவதையும் அழுத்தித் தேயுங்கள். தேய்த்த தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் வெயில் படும், தண்ணீர் தேங்காத மண்ணில் ஊற்றுங்கள், முட்டை பொரித்தாலும் புழு வளர அங்கே தண்ணீர் இருக்காது. பிறகு டயரை மழை படாத கூரைக்குக் கீழே வைக்க வேண்டும். முடியாவிட்டால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மண் நிரப்பிய டயர்களையும் ஒருமுறை பாருங்கள். மேல் உதட்டுக்கு அடியில் மண் இறங்கிப்போய் விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் அங்கேயும் தண்ணீர் தேங்கும். மண்ணைக் கையால் உள்ளே திணித்து அதை அடைத்துவிடுங்கள்.

இனி விஷம் என்ற பேச்சுக்கு வருவோம். டயர் என்பது ரப்பர் மட்டுமில்லை. இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், கரித்தூள், எண்ணெய், கந்தகம், துத்தநாக ஆக்சைடு, இரும்புக் கம்பி, ரப்பர் வெடிப்பு விடாமல் காக்கும் வேதிப்பொருள்கள் எல்லாம் சேர்ந்தது. நன்றாக இருக்கும் டயரில் இவை ரப்பருக்குள் கட்டுண்டு கிடக்கின்றன, ஒரே நாளில் கரைந்து மண்ணுக்கு வந்துவிடாது. வெயில், ஈரம், அமிலம் மூன்றும் சேர்ந்தால் மெல்ல மெல்லக் கசியும். டயர் வெடிப்பு விட்டு உதிர ஆரம்பித்துவிட்டால், துண்டு சிறியதாக ஆக ஆகக் கசிவும் கூடும். பூங்கா அழகுக்கு டயரைத் துருவிச் செடியடியில் மூடாக்காகப் போடும் வழக்கம் வெளிநாடுகளில் உண்டு. வீட்டுத்தோட்டத்தில் அதை ஒருநாளும் செய்யாதீர்கள்.

கசிவதில் முதலிடம் துத்தநாகத்துக்கு. டயரின் எடையில் ஏறத்தாழ 1 சதவீதம் துத்தநாகம். 7 கிலோ கார் டயர் என்றால் 70 கிராம். இது எவ்வளவு என்று புரிய ஒரு கணக்கு: நெல்லுக்கு அடியுரமாக ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் போடச் சொல்வார்கள். அதில் துத்தநாகமாக இருப்பது 2 கிலோ சொச்சம். அப்படிப் பார்த்தால் மூன்று சென்ட் வயலுக்குப் போடும் துத்தநாகம் உங்கள் ஒரே டயரின் சுவருக்குள் இருக்கிறது. அது முழுவதும் வெளியே வராது, சிறு பங்குதான் வரும். ஆனால் அது வந்து சேரும் இடம் மூன்று சென்ட் வயல் இல்லை, 45 லிட்டர் மண். அதிலும் சுவரை ஒட்டிய இரண்டு விரல்கடை மண்.

உங்கள் மோர் இங்கேதான் குறுக்கே வருகிறது. புளித்த மோர், தேங்காய்ப்பால் சேர்த்துப் புளிக்கவைக்கும் தேமோர் கரைசல், எலுமிச்சைத் தோல் ஊறிய தண்ணீர் எல்லாம் அமிலம். மண் புளிக்கப் புளிக்கத் துத்தநாகம் சுலபமாகக் கரையும். சாதாரணப் பையில் நன்மை செய்யும் கரைசல், டயர்ச் சுவரை நனைக்கும்போது கசிவைத் தூண்டுகிறது. டயரில் பூச்செடி வைத்தாலும் மோரை நிறுத்திவிடுங்கள்.

தக்காளி இலைக்கு டயர்தான் காரணம் என்று உடனே தீர்ப்பு எழுத முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால், செடிக்கு இரும்புச்சத்து எட்டவில்லை என்று பொருள். துத்தநாகம் மிகுந்தால் வேர் இரும்பை எடுப்பது தடைப்படும், அப்போது இப்படித்தான் தெரியும். போர் தண்ணீர் உப்பும் காரமுமாக இருந்தாலும் அச்சு அசலாக இதே அடையாளம்தான். வேர் தண்ணீரில் ஊறிக் கிடந்தாலும் இதுவே. பிரித்துக் காண ஒரு வழி உண்டு. அதே தண்ணீர் ஊற்றும் பையிலோ தொட்டியிலோ வேறு தக்காளி இருந்தால் அதன் இளம் இலையைப் பாருங்கள். அதுவும் மஞ்சள் என்றால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். அது பச்சையாக இருந்து டயர்ச் செடி மட்டும் மஞ்சள் என்றால், டயரின் சுவரையும் அடியில் தண்ணீர் வடிகிறதா என்பதையும் சந்தேகியுங்கள்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் மண்ணைக் கொடுத்துப் பாருங்கள். சுவரை ஒட்டிய மண் அரைக் கிலோ, நடுவிலிருந்து அரைக் கிலோ, டயர் இல்லாத பையிலிருந்து அரைக் கிலோ. மூன்றையும் நிழலில் உலர்த்தித் தனித்தனிப் பையில் கட்டி, மண் பரிசோதனை நிலையத்தில் 'நுண்ணூட்டமும் பார்க்க வேண்டும்' என்று கேட்டுக் கொடுங்கள். கேட்காவிட்டால் தழை, மணி, சாம்பல் சத்தோடு முடித்துவிடுவார்கள். தொழுவுரம் சேர்ந்த மண்ணில் துத்தநாகம் எப்படியும் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும். எனவே ஒற்றை எண்ணை வைத்துக் கலங்காமல், மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சுவர் மண்ணில் பல மடங்கு ஏறியிருந்தால் காரணம் டயர்.

அதுவரை செடியைக் காப்பாற்ற, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பும் (ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு) 1 கிராம் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) கரைத்து மாலையில் இலை நனையத் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. புதுத் துளிர் பச்சையாக வந்தால் இரும்புக் குறைதான் என்பது உறுதி. கடையில் 'நுண்ணூட்டக் கலவை' என்று விற்பதை வாங்கி ஊற்றிவிடாதீர்கள், அதிலும் துத்தநாகம் இருக்கிறது.

பேரப்பிள்ளைகள் சாப்பிட்ட கீரையைப் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். துத்தநாகத்தைப் பொறுத்தவரை மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அது நமக்கும் வேண்டிய சத்து. மனிதரைப் பாதிக்கும் அளவுக்கு இலையில் சேர்வதற்கு முன்னாலேயே செடி வெளுத்து, குன்றி, காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் கீரை செழிப்பாக வளர்ந்திருந்தால் அதுவே நல்ல சாட்சி. மற்ற வேதிப்பொருள்களுக்கு இந்த வேலி கிடையாது, செடி வாடாமலேயே உள்ளே வர முடியும். துத்தநாக ஆக்சைடோடு கலப்பாக வரும் காட்மியம் என்ற நச்சு உலோகம் ஒன்று, ரப்பர் வெடிப்பு விடாமல் இருக்கச் சேர்க்கும் 6 பி.பி.டி. போன்ற வேதிப்பொருள்கள் இன்னொன்று. 2023-இல் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டயர்த் தேய்மானத்திலிருந்து வரும் இப்படிப்பட்ட சேர்மங்களைத் தண்ணீரில் கலந்து லெட்டூஸ் கீரையை வளர்த்துப் பார்த்தார்கள். வேர் அவற்றை உறிஞ்சி இலை வரைக்கும் ஏற்றியது. அது மண்ணில்லா வளர்ப்பு. தொழுவுரம் நிறைந்த மண் இவற்றில் பெரும்பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உங்கள் தொட்டியில் அதே அளவு ஏறியிருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு வருடம் சாப்பிட்ட கீரைக்காக ரத்தப் பரிசோதனைக்கு ஓடத் தேவையில்லை. அதேசமயம் கையில் வேறு வழி இருக்கும்போது பிள்ளைகள் சாப்பிடும் கீரையை டயரில் தொடரவும் தேவையில்லை. கீரையில் நாம் தின்பது இலையை, முள்ளங்கியில் தின்பது சுவரை உரசி வளரும் வேரை. அதனால்தான் இந்த இரண்டு வகைக்கும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தக்காளி, கத்தரி, மிளகாய் போன்ற காய்களுக்குப் போய்ச் சேர்வது பொதுவாகக் குறைவு.

டயரைப் பாதியாக வெட்டித் தண்ணீர் நிரப்பி அல்லி வைத்து, கொசுப்புழு தின்ன கப்பி மீன் விடுவதும் இப்போது பரவி வருகிறது. வேண்டாம். 6 பி.பி.டி. காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து உண்டாகும் ஒரு பொருள்தான் அமெரிக்காவின் மேற்குக் கரையில் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்காலத்தில் கொத்துக் கொத்தாகச் செத்ததற்குக் காரணம் என்று 2020 கடைசியில் கண்டுபிடித்தார்கள். எல்லா மீனும் அந்த அளவுக்கு மென்மையானவை இல்லை. ஆனால் துத்தநாகக் கசிவு ஒன்றே சின்னத் தொட்டி மீனுக்குக் கேடுதான்.

சூட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மதுரைச் சித்திரை வெயிலில் மூன்று மணிக்கு டயரின் மேற்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிடுவீர்கள். அந்தச் சூடு சுவரை ஒட்டிய மண்ணுக்குள் இறங்குகிறது. 40 டிகிரியைத் தாண்டினால் மென்வேர்கள் கருகும். செடியைப் பிடுங்கினால் வேரெல்லாம் கிழக்குப் பக்கமாகவே ஓடியிருப்பது தெரியும். வெளிச்சுவரைச் சுற்றி வெள்ளை உரச்சாக்கையோ தென்னை நார்ப் பாயையோ கட்டினால் பெருமளவு தணியும். சுண்ணாம்பும் அடிக்கலாம், ரப்பரில் உரியும் என்பதால் ஆண்டுதோறும் கோடைக்கு முன் மறுபடி அடிக்க வேண்டும். உள்பக்கம் பெயின்ட் அடித்தால் கசிவு நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். ரப்பர் சூட்டில் நீண்டு சுருங்கும்போது பெயின்ட் விரிசல் விட்டு, அந்தச் செதிலும் மண்ணில் சேரும்.

எடைக்கு வருவோம். 165/80 ஆர்14 என்ற அளவுள்ள கார் டயர் சுமார் 62 சென்டிமீட்டர் அகலம், 16 சென்டிமீட்டர் உயரம். அதில் 45 லிட்டர் மண் பிடிக்கும். ஈர மண்ணோடு 65 கிலோ வரும், அது உட்காரும் இடத்தில் சதுர மீட்டருக்கு 200 கிலோவைத் தாண்டிவிடும். ஆள் நடமாடும் மாடித்தளத்துக்கு இந்தியத் தரநிர்ணயம் கணக்கில் எடுக்கச் சொல்லும் பளு சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. தனித்தனியாகப் பரப்பி வைத்தால் ஒன்றும் ஆகாது. நான்கைந்தை நடுத்தளத்தில் நெருக்கி வைப்பதும், ஒன்றின்மேல் ஒன்று அடுக்குவதும்தான் ஆபத்து. சுவருக்கும் பீமுக்கும் மேலே வரும்படி ஓரமாக வையுங்கள். லாரி டயர் மண்ணோடு 300 கிலோவுக்குக் குறையாது, அதைக் கீழே தரையில் வைத்து அரளியோ செம்பருத்தியோ நடலாம். இறக்கும்போது மண்ணோடு உருட்டப் பார்க்காதீர்கள். முதலில் மண்ணைச் சாக்கில் அள்ளி இறக்கிவிட்டு, பிறகு இரண்டு பேர் சேர்ந்து டயரைக் கொண்டு வர வேண்டும்.

இருக்கும் கார் டயரை எப்படிப் பயன்படுத்தலாம்? முதலில் ஒவ்வொன்றையும் பாருங்கள். பக்கச்சுவரில் அச்சிட்ட எண்களின் கடைசியில் நான்கு இலக்கம் தனியாக இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வருடம் எதுவானாலும் சரி, வலைபோல் வெடிப்பு விட்டிருந்தாலோ, தேய்த்தால் கையில் கறுப்புத் தூள் ஒட்டினாலோ, கம்பி வெளியே தெரிந்தாலோ ஒதுக்கிவிடுங்கள். கம்பி குத்தினால் சோப்பும் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, டி.டி. ஊசி தேவையா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டாமலேயே பயன்படுத்த வழி உண்டு. 14 அங்குல டயரின் நடுத்துளை 35 சென்டிமீட்டர். 12-க்கு 12 அங்குலப் பை அதற்குள் தாராளமாக இறங்கும், 20 லிட்டர் கலவை பிடிக்கும். டயரின் கீழ்ப்பக்கச் சுவரில் சுற்றிலும் ஆறு இடத்தில் 12 மில்லிமீட்டர் துளை போடுங்கள். ஓட்டை போட்டதும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, கடைசிச் சொட்டு வரை வடிகிறதா என்று பாருங்கள். தங்கினால் அந்த இடத்தில் இன்னொரு துளை. டயரைத் தரையிலிருந்து தூக்கி நான்கு செங்கல் மேல் வையுங்கள், நடுவில் ஒரு செங்கல் பையின் அடிக்கு. பைக்கும் டயருக்கும் நடுவிலுள்ள குழிவை ஓட்டுச்சில், சரளை போட்டு நிரப்புங்கள். பையிலிருந்து வடிவது நேரே வெளியே போக வேண்டும், டயருக்குள் ஊறக் கூடாது. இந்த அமைப்பில் தக்காளியும் கத்தரியும்கூட வைக்கலாம், வேர் ரப்பரைத் தொடாது. கலவைக்கு, பழுப்புத் தண்ணீர் போகும்வரை அலசிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. வெறும் பையே போதுமே என்று நீங்கள் கேட்டால், கீரைக்கு அதுவே மேல் என்பேன். அரையடி ஆழமுள்ள அகலப் பை வாங்கிக்கொள்ளுங்கள். டயர் இங்கே பைக்குக் காற்றில் சாயாத அரண், அவ்வளவுதான்.

மேல்சுவரை வெட்டி அகலமாக்க விரும்பினால், கூரிய கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து வெட்டுங்கள். கார் டயரின் பக்கச்சுவரில் நூலிழைதான், கத்தி இறங்கும். ரிம்மில் உட்காரும் உள்விளிம்பிலும், ரோட்டில் உருளும் பகுதியிலும் எஃகுக் கம்பி இருக்கிறது. அந்த இரண்டையும் தொடாதீர்கள். முழுக்கக் கம்பி போட்ட லாரி ரேடியல் டயரில் பக்கச்சுவரிலும் கம்பிதான், அதை வீட்டில் வெட்டவே கூடாது. கிரைண்டர் வைத்து அறுத்தால் புகையும் பொடியும் மூச்சுக்குள் போகும், அந்தப் பொடி தோட்டத்திலும் படியும்.

இப்போதுள்ள மண்ணைக் கொட்டிவிட வேண்டாம். சுவரை ஒட்டிய இரண்டு விரல்கடையைச் சுரண்டித் தனியே எடுத்து, கறுப்புத் துணுக்கு இருந்தால் குப்பையில் சேருங்கள். மீதியை இட்லிப்பூ, காகிதப்பூ, அரளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். காய்கறிப் பைகளில் கலக்காதீர்கள்.

வேண்டாத டயர்களை பஞ்சர் கடையோ பழைய டயர் வாங்குபவரோ எடுத்துக்கொள்வார்கள். 2022 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விதிகளின்படி, கழிந்த டயர் மறுசுழற்சிக்குப் போவதற்கு டயர் உற்பத்தியாளர்களே பொறுப்பு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்த மறுசுழற்சி ஆலைகளும் இருக்கின்றன. அடுத்த முறை காருக்கு டயர் மாற்றும்போது பழையதைக் கடையிலேயே விட்டுவிட்டு, எங்கே அனுப்புகிறார்கள் என்றும் கேளுங்கள். மொட்டை மாடியில் சும்மா கிடக்கும் டயர், போகி அன்று தெருப்பிள்ளைகள் கையில் போய்ச் சேரும். எரியும் டயரின் புகையில் கந்தக வாயுவும் கரியும் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்களும் இருக்கின்றன. டயரைக் கொளுத்த வேண்டாம் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்வது அதனால்தான். உங்கள் மூலையில் இருக்கும் அந்த இரண்டையும் மார்கழிக்கு முன்பே கடையில் சேர்த்துவிடுங்கள்.